ஏகாதிபத்தியம் வீட்டில் இருக்கிறாரா?

பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவில் வேலை பார்த்த அந்த மனிதருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. ஒருமுறை புதிதாக வந்த காவலாளி அட்டையைப் பார்த்து அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபோது, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் யாரது என்று திரும்பிப் பார்த்தார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். மற்றபடி தொழிற்சாலையில், டீக்கடையில், முடி வெட்டுகிற இடத்தில், எங்கேயும் அவர் ஏகாதிபத்தியம்தான். "ஏகாதிபத்தியம் வீட்டுல இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "குளிச்சுட்டு இருக்காரு, உக்காருங்க" என்று அவர் மனைவி தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வாள்.

இந்தப் பெயரை அவருக்கு யாரும் வலிந்து வைக்கவில்லை. தன் வாயாலேயே சம்பாதித்துக்கொண்டார்.

அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்தும் அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ஆனால் குரல் மட்டும் மூத்த தொழிலாளியின் குரல். அடுப்புப் பிரிவில் காற்றை ஊதித் தள்ளும் விசிறிகள் ஓயாமல் இரையும். பக்கத்தில் நிற்பவரிடம் 'அந்தத் தட்டை எடு' என்று சொல்வதற்கே அடிவயிற்றிலிருந்து எடுத்துவர வேண்டும். அவருக்கு அது சிரமமே இல்லை. அவர் சாதாரணமாகத் தும்மினாலே பேக்கிங் பிரிவிலிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "என்ன, கூப்பிட்டீங்களா?" என்பார்கள்.

ஒரு நாள் வேலை முடிந்ததும் தொழிற்சாலை வாசலில் சங்கத்தின் கூட்டம். வெளியூரிலிருந்து பெரிய பேச்சாளர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவர் வந்தபாடில்லை. கூட்டம் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பஸ் நிறுத்தத்தின் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. சங்கச் செயலாளர் ஒல்லியான மனிதர். வருஷம் முழுக்க ஜலதோஷம். அன்றைக்கு அவர் குரல் அறவே அடைத்துப்போயிருந்தது. முன்வரிசையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நின்ற நம் ஆளைக் கையைப் பிடித்து இழுத்து மேடையில் ஏற்றிவிட்டார்.

"அவர் வர்ற வரைக்கும் கூட்டத்தைப் பிடிச்சு வைங்க, தோழர்."

"நான் என்னத்தைப் பேசறது?"

"நம்ம கஷ்டத்தைப் பேசுங்க. எதைப் பேசினாலும் ஏகாதிபத்தியத்துல கொண்டுபோய் முடிச்சிடுங்க. போதும்."

ஏகாதிபத்தியம் என்ற சொல்லை அவர் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருந்தார். ஒவ்வொரு பேச்சாளரும் முதலாளியைத் திட்டிவிட்டு, அவருக்கும் மேலே இருப்பது ஏகாதிபத்தியம் என்று கையை வானத்தை நோக்கி நீட்டுவார்கள். கேட்டுக் கேட்டு, அது ஓர் ஆள் என்றே நம் ஆள் முடிவு கட்டியிருந்தார். பெயரும் அப்படித்தானே இருக்கிறது. உயரமாக, சிவப்பாக, கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு, எங்கேயோ ஒரு மாடியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிறவர் என்று ஒரு முகம்கூட மனதில் வரைந்து வைத்திருந்தார்.

மைக்கைப் பிடித்தார். மைக்குக்கு அவசியமே இருக்கவில்லை.

"நம்ம கேண்டீன்ல டீ ஏன் தண்ணியா இருக்கு?" என்று ஆரம்பித்தார். "அதுல ஊத்தற பால் எங்க போச்சு? ஏகாதிபத்தியம் குடிச்சுட்டான்!"

பஸ் நிறுத்தத்தின் பக்கம் போன கால்கள் நின்றன.

"கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் எங்க? ஏகாதிபத்தியம் கழட்டிக்கிட்டுப் போயிட்டான்! நமக்குக் குடுத்த சோப்பு கையில பிடிக்கறதுக்குள்ள கரைஞ்சு போகுதே, நல்ல சோப்பு எங்க? ஏகாதிபத்தியம் போட்டுக் குளிக்கறான்!"

போன கால்கள் திரும்பி வந்தன. கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. செயலாளர் மேடைக்குக் கீழே இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். கைதட்டல் கேட்டு நம் ஆளுக்கு மேலும் சூடு ஏறியது.

"நான் சவால் விடறேன்! தைரியம் இருந்தா அவன் இந்த வாசலுக்கு வரட்டும்! என் முன்னாடி நின்னு பேசட்டும்!"

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. வெளியூர்ப் பேச்சாளர் இறங்கினார். உயரமான, வாட்டசாட்டமான, சிவந்த மனிதர். கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ, "அதோ வந்துட்டான்!" என்று கத்தினார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்ததற்காகச் சங்கம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. பேச்சாளர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டவர், கடைசிவரை இறங்கவேயில்லை.

மறுநாள் டீக்கடையில் செயலாளர் அவரைத் தனியாக உட்காரவைத்து விளக்கினார்.

"தோழர், அது ஆள் இல்லை."

"ஆள் இல்லையா? பின்ன?"

"ஒரு தன்மை. ஒரு ஏற்பாடு. பலமா இருக்கற நாடு இன்னொரு நாட்டுக்குள்ள பூந்து, இதெல்லாம் என்னுதுன்னு உக்காந்துக்கும். அங்க விளையறது, அங்க தோண்டறது, அங்க இருக்கறவன் உழைப்பு, எல்லாம் தனக்குன்னு எடுத்துக்கும். அதுக்குப் பேருதான் ஏகாதிபத்தியம்."

நம் ஆள் டீயைக் கீழே வைத்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"இத்தனை நாளா ஒருத்தன்மேல அநியாயமா கோபப்பட்டுக்கிட்டு இருந்துட்டேனே" என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அந்தச் சொல் தொழிற்சாலைக்குள் இறங்கி, கட்டவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி இஷ்டத்துக்குத் திரிய ஆரம்பித்துவிட்டது. கேண்டீன் பெஞ்சில் காலை அகட்டி இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்தால், "ஏகாதிபத்தியம் பண்ணாதே, நகரு" என்பார்கள். ஒருத்தியின் கத்தரிக்கோலை இன்னொருத்தி கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டால் பேக்கிங் பிரிவில் அது ஏகாதிபத்தியம். மாவு மூட்டைகள் மேலே யாரையும் அண்டவிடாமல் படுத்துத் தூங்கிய சாம்பல் நிறப் பூனைக்குச் சின்ன ஏகாதிபத்தியம் என்று பெயர் வந்தது. மாவு பிசைகிறவர், தாட்டியான ஆள், எதற்கும் அசையாதவர். அவர் மட்டும் இன்னும் ஒருபடி மேலே போனார். திறக்க வராத டப்பா மூடியைப் பார்த்து, "என்ன ஏகாதிபத்தியமா இருக்கு இது!" என்று சலித்துக்கொள்வார். அவர் அகராதியில் அதற்கு 'இறுக்கம்' என்று பொருள்.

இதையெல்லாம் கேட்கும்போது செயலாளருக்கு மூக்கு இன்னும் அடைத்துக்கொள்ளும்.

"தோழர், அது உலக அளவுல இருக்கற விஷயம். நீங்க அதைக் கொண்டுவந்து பெஞ்சுல உக்கார வைக்கறீங்க."

"அடுத்தவன் இடத்துல உக்காந்துக்கறதுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நாடு! நாடுன்னு சொன்னேன்!"

"நம்மகிட்ட நாடா இருக்கு? பெஞ்சுதான் இருக்கு" என்பார் நம் ஆள். குதர்க்கமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். செயலாளருக்கும் அது தெரியும் என்பதால் மேற்கொண்டு சண்டை பிடிக்க வழியில்லாமல் போய்விடும்.

கல்யாணம் ஆன புதிதில் இந்தப் பெயரால் அவர் பட்ட பாடு தனிக் கதை. மனைவியின் ஊருக்கு முதல் தடவை போனபோது, துணைக்கு வருவதாகச் சொல்லி மாவு பிசைகிறவரும் கூடவே வந்தார். அந்த ஊரில் அவருக்கு ஏதோ வேலை. வீட்டு வாசலில் நின்றுகொண்டு, மாமியாரைப் பார்த்து உற்சாகமாக, "அம்மா! உங்க ஏகாதிபத்தியம் வந்தாச்சு, நல்லா கவனிச்சுக்குங்க!" என்று கத்திவிட்டுத் தன் வழியே போய்விட்டார்.

மாமியாருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். அந்தக் காதுப் பக்கம் நின்றுதான் அவர் கத்தியிருந்தார். அம்மாளுக்குப் பின்பாதி மட்டும் தெளிவாக விழுந்தது. பத்தியம். மாப்பிள்ளை பத்தியத்தில் இருக்கிறார், நல்லா கவனிச்சுக்கணும். இதைப் பெண்ணிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கல்யாணமான சூட்டோடு மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பெண் சொல்லாமல் மறைக்கத்தானே பார்ப்பாள்? பாவம், அவளாகச் சொல்கிறபோது சொல்லட்டும்.

அன்றைய சாப்பாட்டிலிருந்து அவர் தட்டில் உப்பு இல்லை, காரம் இல்லை, எண்ணெய் இல்லை. வெந்த சோறு, வெந்த காய், வெந்நீர். நம் ஆள் முதல் வாய் வைத்தார். மாமியார் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக் கைப்பக்குவமே இதுதான் போல என்று நினைத்துக்கொண்டார். முகம் சுளித்தால் மரியாதையாக இருக்காது. "பிரமாதம்" என்றார். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. உடம்புக்கு முடியாத நிலையிலும் எவ்வளவு பொறுமை!

அவர் மனைவி அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அங்கே எல்லாம் உப்பும் உறைப்புமாக வழக்கம் போலத்தான் இருந்தது. அவளுக்கு எதுவும் தெரியாது. ஊர் திரும்பும் நாள் வரை அவர் பிரமாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது மாமியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்து, "மாப்பிள்ளை, இன்னும் எவ்வளவு நாளைக்குப் பத்தியம்?" என்று கேட்டாள்.

"என்ன பத்தியம்?"

"அதான், ஏதோ பத்தியம்னு உங்க சிநேகிதரு சொன்னாரே."

பஸ்ஸில் மனைவி சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். நம் ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, காரமாக எதைப் போட்டிருந்தாலும் சரி என்று ஒரு கடையில் பொட்டலம் வாங்கி, கண்ணீர் வடியத் தின்றுகொண்டே வந்தார்.

மனைவி தையல்காரி. பேச்சு குறைவு, ஆனால் ஊசி மாதிரி இறங்கும். சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து அவர் சொற்பொழிவைக் கட்டிலில் உட்கார்ந்து தொடர்வார். அவள் பித்தான் தைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை விசிறி. அது எப்போதும் அவர் பக்கம் பார்த்துத்தான் நிற்கும்.

"எனக்கு ஒண்ணு புரியலைங்க" என்றாள் ஒரு நாள். "கடலைத் தாண்டிப் போய் அடுத்தவன் இடத்தைப் பிடிச்சா அது ஏகாதிபத்தியம். சரி. கட்டில்ல நடுக்கோட்டைத் தாண்டி வந்து அடுத்தவ தலையணையைப் பிடிச்சா, அதுக்குப் பேரு என்ன?"

அவர் எழுந்துபோய் விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

ஆனால் அவரும் சும்மா விடவில்லை. அவள் தொழில் சூடு பிடித்ததும் தையல் இயந்திரம் முன்னறைக்கு வந்தது. பிறகு துணிக் குவியல் வந்தது. அது நாற்காலிக்கு ஏறி, சன்னலுக்குப் பரவி, கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாள் தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் உள்ளே யாருடைய ஜாக்கெட்டுக்கோ வெட்டிய இரண்டு கைகள் கிடந்தன. வீட்டுக்கு வந்து அவற்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு என்ன பேரு?"

"தொழில் வளர்ச்சி" என்றாள் அவள். "காணோம்னு காலையிலேர்ந்து தேடறேன். குடுங்க."

இப்படியே வருஷங்கள் ஓடின. தலை நரைத்தது. அடுப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்ற நிலை வந்ததும், நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு மேற்பார்வையாளர் ஆக்கியது. மேற்பார்வையாளர் ஆனவர்கள் சங்கத்தில் இருக்க முடியாது. சங்க அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது செயலாளர் அதை வாங்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பக்கம் போயிட்டீங்க, தோழர்" என்றார். "அடுப்பு அதே பக்கத்துலதானே இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார் நம் ஆள். ஆனாலும் என்னவோ போலத்தான் இருந்தது.

வந்து உட்கார்ந்ததும் முதல் பிரச்சினை பின்கதவு. அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் கொல்லைப்புறம் போக ஒரு கதவு உண்டு. சூடு தாங்காமல் தொழிலாளர்கள் அதை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். காற்று உள்ளே வந்து தட்டுகளின் மேல் ஒரு பக்கமாக அடிக்கும். பிஸ்கட்டுகள் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கருகி வரும். இத்தனை காலமும் அவரும் அந்தக் கதவோரம் நின்று வியர்வை ஆற்றியவர்தான். இப்போது மேலாளர் அந்தப் பிஸ்கட்டுகளை அவர் மேசையில் கொட்டி, "இது என்ன? பாதி பகல், பாதி ராத்திரி?" என்று கேட்டார். நம் ஆள் போய்க் கதவைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாவு பிசைகிறவர் வந்து நின்று, அவரையும் சாவியையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் பேசாமல் போனதுதான் நம் ஆளுக்கு என்னவோ செய்தது. அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் அவர் போய் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவ எழுந்து போய்விட்டார்கள். பெஞ்சு முழுக்க அவருக்குத்தான்.

அதே வாரத்தில், எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய நாடு ஒரு சின்ன நாட்டுக்குள் படையோடு புகுந்துவிட்டது. ஊரில் இருந்த சங்கங்கள் எல்லாம் சேர்ந்து கண்டன ஊர்வலம் போவதாக அறிவித்தன. விடுமுறை நாள். தொழிற்சாலையிலிருந்து சதுக்கத்துக்குப் போகிற வழி நம் ஆள் வீட்டுத் தெருதான்.

அவருக்கு இது எதுவும் தெரியாது. சங்கச் செய்தி இப்போதெல்லாம் அவர் காதுக்கு வருவதில்லை. கண் வைத்தியத்துக்காக மாமியார் வந்து தங்கியிருந்தாள். காலையில் அவள் முன்வாசலில் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தாள். மனைவி உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். அவர் சன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி, முகம் முழுக்க நுரை பூசி, ஒரு கன்னத்தை மழித்து முடித்திருந்தார். அப்போது தெருமுனையிலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது.

"ஏகாதிபத்தியம்…"

"ஒழிக! ஒழிக!"

அவர் கை நின்றது. நுரைக்குள் முகம் வெளிறியது வெளியே தெரியவில்லை. கதவைப் பூட்டியதற்கு இவ்வளவு பெரிய கூட்டமா?

"ஏகாதிபத்தியமே…"

"வெளியேறு! வெளியேறு!"

அவர் குனிந்து சன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். சத்தம் நெருங்கியது. அதில் மாவு பிசைகிறவரின் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. தூரத்து நாட்டுக்காக யாரும் அவ்வளவு அனுபவித்துக் கத்தமாட்டார்கள்.

"ஏகாதிபத்தியமே…"

"கையை எடு! கையை எடு!"

மாமியார் ஈரக் கையோடு உள்ளே ஓடிவந்தாள். இந்த முறை நல்ல காதுப் பக்கம்தான் விழுந்திருந்தது. மருமகனைச் சன்னலுக்குக் கீழே, பாதி நுரை முகத்தோடு கண்டுபிடித்தாள்.

"மாப்பிள்ளை, ஊரே திரண்டு வந்து கையை எடுன்னு சொல்றாங்களே. யாரு மேல கை வச்சீங்க?"

"ஐயோ அத்தை, நான் யாரு மேலயும் வைக்கலை!"

"உள்ளதைச் சொல்லுங்க."

"பூட்டு மேலதான் வச்சேன்!"

அது அவளுக்குப் புரியவில்லை. எதுவானாலும் வீட்டு மாப்பிள்ளை வீட்டு மாப்பிள்ளைதான். அலசிய போர்வை ஒன்றை முறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கி, தெரு நடுவில் போய் நின்றாள். "அம்மா, வேண்டாம்!" என்று மகள் கத்தியது எந்தக் காதிலும் விழவில்லை.

"நில்லுங்கப்பா!"

ஊர்வலம் நின்றது. முன்னால் பதாகையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் செயலாளர்.

"எங்க மாப்பிள்ளை உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாரு? ஒழிக ஒழிகன்னு வாசல்ல வந்து கத்தறீங்க? என் பொண்ணு உள்ள இருக்கா. தெரியுமா?"

செயலாளர் பதாகையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் பணிவாக முன்னால் வந்தார். "அம்மா, தப்பா நினைச்சுட்டீங்க. நாங்க சொல்ற ஏகாதிபத்தியம் வேற."

"இந்தத் தெருவுல எத்தனை ஏகாதிபத்தியம் இருக்கு?"

"இந்தத் தெருவுல இல்லைம்மா. அது எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம்."

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவனை எங்க வாசல்ல நின்னு ஏன் திட்டறீங்க? அவன் காதுல விழுமா இது? ஒரு காது மந்தமான எனக்கே பக்கத்துல வந்தாத்தான் கேக்குது!"

செயலாளர் எத்தனையோ எதிரணிப் பேச்சாளர்களுக்குப் பதில் சொன்னவர். இப்போது மூக்கை உறிஞ்சினார். அந்த இடைவெளியில்தான் பின்னாலிருந்து மாவு பிசைகிறவர் குரல் கொடுத்தார்.

"எங்க பின்கதவைப் பூட்டிட்டாரும்மா!"

"யாரு?"

"உங்க மாப்பிள்ளை!"

"தோழர், அது இப்ப பேச வேண்டியது இல்லை" என்றார் செயலாளர். யாரும் கேட்கவில்லை. அடுப்புக்குள் தட்டு தள்ளுகிறவர் முன்னால் வந்து தன் சட்டையின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வியர்வை காய்ந்து உப்புக் கோடு கோடாகப் படிந்திருந்தது. பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, "அடுப்புப் பக்கம் போனாலே மயக்கம் வருதும்மா, சாவியைக் குடுங்கன்னு கேக்கவும் பயமா இருக்கு" என்றாள். இன்னொருவர், அந்தக் கதவோரம் நின்று இத்தனை வருஷமும் காற்று வாங்கியதே இவர்தான் என்று நியாயம் பேசினார்.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டாள். தோளில் இருந்த போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப சரிதான்" என்றாள். "நல்லா கத்துங்க. ஆனா ஒழிகன்னு மட்டும் வேண்டாம்ப்பா. வேற ஏதாவது சொல்லுங்க."

"வேற என்னம்மா சொல்றது?"

"கதவைத் திறன்னு சொல்லுங்க. அதுதானே வேணும்?"

மாவு பிசைகிறவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தினார். "ஏகாதிபத்தியமே…"

"கதவைத் திற! கதவைத் திற!"

தெருவே அதிர்ந்தது. மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவருக்கு அது நேராக நெஞ்சில் வந்து இடித்தது. செயலாளர் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. முழக்கம் அவரையும் பதாகையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு சதுக்கம் வரை போய்விட்டது. அங்கே மற்ற சங்கங்களும் காது கொடுத்துக் கேட்டு, நன்றாக இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டன. மேடையில் இருந்த தலைவர் அதைப் புகழ்ந்து வெகுநேரம் பேசினார். மூடப்பட்ட எல்லைகள், பூட்டப்பட்ட சிறைகள், அடைக்கப்பட்ட சந்தைகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன, இதை எழுதிய தோழர் யாரோ அவருக்கு என் வணக்கம் என்றார். செயலாளர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டில் நம் ஆள் மறு கன்னத்தை மழிக்காமலே உட்கார்ந்திருந்தார். மாமியார் உள்ளே வந்து போர்வையை வாளியில் போட்டாள்.

"மாப்பிள்ளை, சாவி எங்க?"

"அத்தை, உங்களுக்கு அது தெரியாது. காத்து அடிச்சா பிஸ்கட் ஒரு பக்கம் கருகிடும். மேலாளர் என்னைத்தான் கேப்பாரு."

"அவரு கேட்டா பிஸ்கட்டைத்தானே கேப்பாரு. இவங்க மூச்சைக் கேக்கறாங்களே."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "எனக்கு அந்த அடுப்பு தெரியாது" என்றாள். "ஆனா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க அங்க போட்டுக்கிட்டுப் போன சட்டையைத் துவைச்சவ நான்தான். அது நல்லாத் தெரியும்."

அவர் எழுந்து மறு கன்னத்தையும் மழித்தார். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

மறுநாள் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே போய்ப் பின்கதவைத் திறந்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டார். மாவு பிசைகிறவர் வந்து பார்த்தார். நேற்றுக் கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"திறந்தாச்சா?" என்றார் கரகரப்பாக.

"திறந்தாச்சு. ஆனா பிஸ்கட் கருகினா எனக்குத்தான் மண்டகப்படி. ஏதாவது பண்ணணும், வா."

இரண்டு பேரும் சேர்ந்து கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த பழைய தட்டுகளை எடுத்துவந்தார்கள். கதவுக்கும் அடுப்பு வாய்க்கும் நடுவில் எப்படி நிறுத்தினால் காற்று ஆட்கள் மேல் பட்டு, பிஸ்கட் மேல் படாமல் போகும் என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். முதலில் நிறுத்தியபோது காற்று ஆளையும் விட்டது, பிஸ்கட்டையும் விட்டது, நேராகப் போய் மாவுத் தொட்டியில் இறங்கியது. இருவரும் வெள்ளையாகி நின்றார்கள். பேக்கிங் பிரிவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு தட்டுகளைச் சாய்த்து, கம்பி போட்டுக் கட்டி, ஒரு வழியாகக் காற்றைத் திசை திருப்பினார்கள். கம்பி கட்டும்போது, "நேத்து ரொம்ப அனுபவிச்சுக் கத்தினே போல" என்றார் நம் ஆள். "ஒழிகவை விடக் கதவைத் திற நல்லா வந்தது" என்று ஒப்புக்கொண்டார் மற்றவர். "அதுல ஒரு இழுப்பு இருக்கு."

சாயங்காலம் மேலாளர் வந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருகவில்லை. ஓரம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது.

"இது என்ன ஓரத்துல?"

"மொறுமொறுப்பு, சார்" என்றார் மாவு பிசைகிறவர், யாரும் கேட்காமலே.

மேலாளர் கடித்தார். மென்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வார முடிவில் மாமியார் கண் வைத்தியம் முடிந்து ஊருக்குக் கிளம்பினாள். அவர் பஸ் ஏற்றிவிடப் போனார். ஓரம் சிவந்த பிஸ்கட் பொட்டலம் ஒன்றை அவள் மடியில் வைத்தார். நல்ல காதுப் பக்கம் பார்த்துக் குனிந்து, "அத்தை, அடுத்த தடவை வந்தா எங்க தொழிற்சாலைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். எல்லாரும் உங்களைக் கேட்டாங்க" என்றார்.

"வர்றேன், மாப்பிள்ளை. அந்த மூக்கடைச்ச தம்பிக்கு மட்டும் நல்லதா ஒரு கஷாயம் வச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். "பாவம், கடல் தாண்டி யாரோடயோ சண்டை போடறாரு. அதுக்காவது தொண்டை வேண்டாமா?"

பஸ் கிளம்பிவிட்டது. அவர் கை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.